மூன்றாம் ஓலை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்தது இல்லை. என் அண்ணன் ஜோசையா, ட்ரெவெல்லன் கோயிலின் பாதிரியார், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாக எழுந்து நின்று வாசித்த கல்யாண ஓலையிலிருந்து, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்ற அறிவிப்பிலிருந்து எடுத்தது. நூற்றிருபது பேர் அதைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ஆட்டுக்கறி சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். எனக்கு மட்டும்தான் செரிக்கவில்லை.

நான் திர்சா பெல்லோ. முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் இருக்கிறேன், கதை எழுதுகிறேன். இரண்டு நாவல்கள் அச்சாகியிருக்கின்றன, 'ஒரு சீமாட்டி எழுதியது' என்ற முகப்போடு. யார் அந்தச் சீமாட்டி என்பது லண்டனில் ஒருவருக்கும் தெரியாது. ட்ரெவெல்லனில் கோழிக்குக்கூடத் தெரியும். முதல் நாவலில் ஒரு கன்னியாஸ்திரியைச் சுவருக்குள் வைத்துப் பூசினேன். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் இந்த ஊர் ஒரு தினுசாகச் சிரிக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் பேரில் கோபம் வரும்போது உதவும்.

பதிப்பாளர் போன மாதம் எழுதியிருந்தார். காதல் சுத்தமாக இருக்கட்டும், கையைப் பிடிப்பதோடு நிற்கட்டும். நடுவில் ஒரு மர்மம் வேண்டும், வாசிக்கிறவளுக்கு முதுகு சில்லிட வேண்டும். ஆனால் கடைசியான மூன்றாம் பாகத்தில் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை.

நடக்கத்தான் போகிறது. நாளைக் காலை பத்து மணிக்கு.

[இந்த வரியை அடிக்க வேண்டும். கதைக்குள் 'நாளை' வரக் கூடாது.]

2

தொடக்கம், முதல் முயற்சி:

'ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறாம் வருஷம் கோடை வழி தவறிவிட்டது. ஜூலையில் கணப்பு மூட்டினோம். நட்ட நடுப்பகலில் சூரியனை வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது, பழைய கோட்டிலிருந்து விழுந்த பித்தான் மாதிரி. வைக்கோல் வயலிலேயே அழுகி…'

அழகாகத்தான் இருக்கிறது. பொய்யும் இல்லை; இதை எழுதும்போது காலை மணி எட்டு, இன்னும் மேஜையில் மெழுகுவத்தி எரிகிறது. ஆனால் வானத்தைப் பற்றிப் பேசித் தொடங்குகிறவர்கள் எதையோ தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு என்னைத் தெரியாதா?

இரண்டாம் முயற்சி: 'மிஸ்டர் ஆம்ப்ரோஸ் கார்லியனைப் பார்க்கிற எந்தப் பெண்ணும்…' வேண்டாம். இது இன்னும் மோசம்.

மூன்றாவது: 'டாம்சின் நான்கிவெல் தன் ஓலையைத் தானே கேட்கக் கூடாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.'

இதுதான். மற்றதெல்லாம் இந்த ஒரு வரியால் வந்த வினை.

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தன் கல்யாண ஓலையைத் தன் காதால் கேட்ட பெண்ணுக்குப் பிறக்கிற பிள்ளை செவிடும் ஊமையுமாகப் பிறக்குமாம். அதனால் ஓலை வாசிக்கும் மூன்று ஞாயிறும் மணப்பெண் கோயில் பக்கம் தலைகாட்ட மாட்டாள். டாம்சின் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நான்கூட அவளைச் சீண்டிப் பார்த்தேன். "எங்கப்பாவுக்குக் காது போனது போதாதா, பிள்ளைக்கும் வேணுமா? எதுக்கு வம்பு, வீட்லயே இருந்துக்கறேன்டி" என்றாள்.

அவள் அப்பா கேப்டன் நான்கிவெல் இருபது வருஷம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர். கோயிலில் முதல் வரிசையில்தான் உட்காருவார். ஆனால் அண்ணன் ஓலை வாசிப்பதும் ஒன்று, ஜன்னலில் ஈ பறப்பதும் ஒன்று அவருக்கு. டாம்சினுக்கு அம்மா இல்லை. வேலைக்காரப் பெண் கோயிலில்தான் இருந்தாள், கேட்டாள். எஜமானியின் மாப்பிள்ளையைப் பற்றி எஜமானியிடமே பேச அவளுக்கு என்ன வாய் இருக்கிறது?

ஆக, ஊர் முழுக்கக் கேட்டதை அந்த ஒரு வீடு கேட்கவில்லை. போய்ச் சொல்வாரும் இல்லை. அவளுக்குத் தெரியாமல் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

3

(இங்கே கொஞ்சம் காதல். பதிப்பாளருக்காக. டாம்சின் பக்கத்திலிருந்தே சொல்கிறேன், என் பக்கம் யாருக்கு வேண்டும்?)

பிப்ரவரியில் மிஸ்டர் கார்லியன் குன்றின் மேலிருந்த காலி வீட்டுக்குக் குடிவந்தபோது டாம்சின் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல கோட்டு, நல்ல குதிரை, நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு, பேச்சில் அவசரமே கிடையாது. அப்பாவைப் பார்க்க அடிக்கடி வந்தார். ஒரு நாள் அப்பா தன் கடற்போர்க் கதையை* நான்காம் தடவை சொன்னார். அவர் அதை முதல் தடவை கேட்பது போலவே கேட்டார், சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தார். டாம்சினுக்கு மனசு இளகியது அங்கேதான். காது கேட்காதவரிடம் ஊரில் எல்லாரும் இரண்டு வார்த்தை கத்திவிட்டு நழுவிவிடுவார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

* எனக்கும் அது மனப்பாடம். கடைசியில் ஒரு குரங்கு வரும்.

ஏப்ரலில் நடன விருந்து நடந்தது. ஒரு பெண்ணோடு ஒருவர் இரண்டு ஆட்டம்தான் ஆடலாம்; மூன்றாவது கேட்டால் ஊர் முடிவு கட்டிவிடும். [அன்று அவர் முதல் இரண்டு ஆட்டம் ஆடியது வேறொருத்தியோடு. அவள் இந்தக் கதையில் இல்லை.] பிறகு டாம்சினோடு இரண்டு ஆடினார். அதன்பின் வந்து எதிரில் நின்று, மூன்றாவதும் கேட்கலாமா என்றார். எல்லாரும் பார்க்கிறார்களே என்றாள் அவள். அதற்காகத்தான் கேட்கிறேன் என்றார். கையுறைக்குள் அவளுக்கு விரல் வியர்த்தது. ஆடும்போது தன் கால் தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது.

ஜூன் கடைசியில் பெண் கேட்டு வந்தார். கேப்டனிடம் கேட்பதென்றால் காதில் கத்தித்தான் கேட்க வேண்டும். ஜன்னல் திறந்திருந்தது. உங்கள் பெண்ணை எனக்குக் கட்டிக்கொடுங்கள் என்று அந்த நிதானமான மனிதர் தொண்டை கிழியக் கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. எதிர்வீட்டு ரொட்டிக்காரர் கை தட்டினார். மாடிப்படியில் நின்றிருந்த டாம்சின் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். ஊரறியக் கத்திப் பெண் கேட்ட மனிதரிடம் மறைக்க என்ன இருந்துவிடப் போகிறது?

4

[இந்தப் பகுதியைக் கிழித்துவிட்டேன். கதைக்குத் தேவையில்லாதது.]

5

ஊர் மொத்தமும் கோயிலில் இருக்கும்போது ஊர் எப்படி இருக்கும் என்று டாம்சினுக்கு அதுவரை தெரியாது. முதல் ஞாயிறு காலை ஜன்னலோரம் தையலோடு உட்கார்ந்தாள். கொல்லன் பட்டறையில் சத்தம் இல்லை. நாய்கள்கூட எங்கேயோ போயிருந்தன. நடுத்தெருவில் ஒரு பூனை படுத்திருந்தது, இனி இது என் தெரு என்பது மாதிரி.

தலையை நிமிர்த்தினால், கேட்டுக்கு வெளியே ஒரு பெண்.

பச்சை மேலங்கி, தோளில் சாயம் போனது. முப்பத்தைந்து வயது இருக்கலாம். பிச்சைக்கு வந்தவள் மாதிரி இல்லை, வழிப்போக்கி மாதிரியும் இல்லை. வீட்டை ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். டாம்சின் இருந்த ஜன்னலுக்கு வந்ததும் அங்கேயே பார்வை நின்றுவிட்டது. டாம்சின் என்ன செய்வதென்று தெரியாமல் கையை உயர்த்தினாள். அவளும் உயர்த்தினாள். கோயிலில் கடைசிப் பாட்டு தொடங்கியதும் திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டாம் ஞாயிறு கதவைத் தட்டினாள். தண்ணீர் கேட்டாள். அடுக்களையில் உட்கார வைத்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்தாள் டாம்சின். மேஜையில் சாப்பிட்டுப் பழகியவள் அவள், நல்ல பசியிலும் ஒரு துணுக்கு சிந்தவில்லை. பக்கத்தில் கல்யாணத் தொப்பி கிடந்தது. அதன் நாடா முடிச்சைப் பார்த்து, கேட்காமலே அவிழ்த்து, இன்னும் அழகாகக் கட்டி வைத்தாள்.

"எத்தனை ஓலை ஆச்சு?"

"இன்னிக்கு ரெண்டாவது."

"அப்ப இன்னும் ஒண்ணு இருக்கு."

எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டதற்குப் படகுத்துறைப் பக்கம் கையைக் காட்டினாள். எழுந்து கதவுவரை போனவள் திரும்பி வந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் நீ தனியாத்தானே இருப்பே? வர்றேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னிக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

மூன்றாம் ஞாயிறுக்கு டாம்சின் குங்குமப்பூ கேக் சுட்டாள். இரண்டு கோப்பை எடுத்து வைத்தாள்.

அன்று நடந்ததை நான் முதலில் இப்படி எழுதினேன்: 'வாசற்படியில் ஈரக் காலடிகள் இருந்தன. வந்த தடம் இருந்தது. திரும்பிப் போன தடம்…'

அடித்துவிட்டேன். காலடியும் இல்லை, ஈரமும் இல்லை. என் பழைய புத்தி என்னை விடாது போலிருக்கிறது. நடந்தது இவ்வளவுதான்: யாரும் வரவில்லை. கோயில் விட்டு ஊர் திரும்பும்வரை டாம்சின் இரண்டு கோப்பைகளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். கேக்கை மறுநாள் நானும் அவளும் சாப்பிட்டோம், கொஞ்சம் காய்ந்திருந்தது.

6

இனி அதே மூன்று ஞாயிறு, கோயிலுக்குள்ளே.

அண்ணனுக்குக் கண்பார்வை மட்டம். மாப்பிள்ளை எழுதிக் கொடுக்கிற சீட்டை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசிப்பார், ஆனால் குரல் கணீரென்று இருக்கும்.

முதல் ஞாயிறு: இந்தச் சபையைச் சேர்ந்த, மணமாகாதவராகிய ஆம்ப்ரோஸ் கார்லியனுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த கன்னியாகிய டாம்சின் நான்கிவெல்லுக்கும் திருமணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம். இது முதலாம் ஓலை.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் ஞாயிறும் அதேதான். இந்த இரண்டு ஞாயிறும் மாப்பிள்ளை கோயிலுக்கு வரவில்லை. அவருக்கும் அந்த நம்பிக்கை இருக்கும்போல என்று பெண்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் ஞாயிறு வந்தார். தூண் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணன் வாசித்தார்: இந்தச் சபையைச் சேர்ந்த, தாரமிழந்தவராகிய ஆம்ப்ரோஸ் கார்லியனுக்கும்…

பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. இரண்டு மூன்று தலைகள் திரும்பின. பாவம், இத்தனை நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாரே என்று எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஆணி நேராக இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிற தச்சனைப் போல.

நடந்ததெல்லாம் எனக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். பச்சை மேலங்கிக்காரியைப் பற்றி டாம்சின் திங்கட்கிழமை தோறும் என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தாள். கோயிலுக்குள் இருந்த நூற்றிருபது பேருக்கும் அந்தப் பெண்ணைத் தெரியாது. அந்தப் பெண்ணைப் பார்த்தவளுக்கு ஓலை தெரியாது.

போன ஞாயிறு மணமாகாதவர். இந்த ஞாயிறு தாரமிழந்தவர். அப்படியென்றால் நடுவில் ஒரு தாரம் இருந்திருக்க வேண்டுமே?

7

கதாபாத்திரத்தைச் சந்தேகப்படுவது எழுதுகிறவளின் கடமை. முதலில் அவரைச் சந்தேகப்பட்டேன்.

அன்று மத்தியானமே அண்ணனின் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினேன். சீட்டுகளைப் பக்க அடையாளமாகச் செருகி வைப்பது அவர் வழக்கம். மூன்றும் இருந்தன, மூன்றும் ஒரே கையெழுத்து. முதல் இரண்டில் ஒன்று, மூன்றாவதில் வேறு. அண்ணன் தப்பாக வாசிக்கவில்லை. அவரைக் கேட்டேன்.

"அவரேதான் கொண்டுவந்து குடுத்தார். முன்னாடி எழுதினது சரியில்லைன்னார். சொல்ல மனசு வரலையாம். துக்கத்தைச் சில பேர் மறைப்பாங்க, திர்சா."

"எப்ப செத்தாங்களாம்?"

"அதைக் கேக்கறது என் வேலையா?"

"தடை இருக்கான்னு கேக்கறது உன் வேலைதானே?"

"தாரம் இழந்தது தடை இல்லை. தாரம் இருந்தாத்தான் தடை. மூணு வாரம் கேட்டேன், நூத்திருபது பேர்ல ஒருத்தர் வாயைத் திறக்கல. நீயும்தானே உக்காந்திருந்தே?"

ஆமாம், நானும்தான் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை படகுத்துறை விடுதிக்குப் போனேன். பச்சை மேலங்கியில் ஒருத்தி இரண்டு வாரம் தங்கியிருந்தாள் என்றாள் விடுதிக்காரி. பெயரைச் சொல்லவில்லையாம். போன வாரம் வியாழக்கிழமை காலை, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனவள் வரவில்லை. மூட்டை அங்கேயே கிடந்தது. பிரித்துக் காட்டினாள்: ஒரு சீப்பு, ஒரு மாற்று உடுப்பு, ஒரு ஜோடி நல்ல செருப்பு. போர் முடிந்ததிலிருந்து கப்பல்காரர் பெண்டாட்டிகள் இப்படி எத்தனையோ பேர் அலைகிறார்கள், போவார்கள் வருவார்கள் என்றாள் அவள். உண்மைதான். ஆனால் நல்ல செருப்பை விட்டுவிட்டு நடந்து போகிற பெண்ணை நான் பார்த்ததில்லை.

அதே வாரம் செவ்வாய் முதல் வெள்ளி வரை மிஸ்டர் கார்லியன் ஊரில் இல்லை. கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் வழக்கப்படி பரிசாகக் கொடுக்கக் கையுறை வாங்க ட்ரூரோ நகரத்துக்குப் போயிருந்தார். வாங்கியும் வந்தார். எனக்கும் ஒரு ஜோடி. யாரிடமும் அளவு கேட்கவில்லை, ஆனால் விரல் விரலாகப் பொருந்தியது.

அடுத்து, எழுதுகிறவளையே சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாம் பகுதியில், முதல் இரண்டு ஆட்டம் ஆடிய 'வேறொருத்தி' என்று ஒருத்தியை அடைப்புக்குறிக்குள் ஒளித்தேனே, அது நான்தான். அன்று அவர் மூன்றாவது ஆட்டமும் கேட்பார் என்று எழுந்தே நின்றுவிட்டேன். என்னைத் தாண்டிப் போனார். நான் ஜன்னலை மூடத்தான் எழுந்தேன் என்பது போல் போய் ஜன்னலை மூடினேன். ஊர் அதைப் பார்த்தது. இன்றைக்கு நான் வாயைத் திறந்தால் என்ன சொல்வார்கள்? கிடைக்காத ஏக்கத்தில் கிழவி கல்லெறிகிறாள் என்பார்கள். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அது முழுப் பொய் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அவர் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு மூலையில் ஒரு ஆசை இருக்கிறது. அந்த ஆசைதான் இதையெல்லாம் இப்படிக் கோத்து வைக்கிறதோ என்னவோ.

4 (மறுபடியும்)

கிழித்ததைத் திரும்ப எழுதுகிறேன். இது இல்லாமல் இது கதை இல்லை, வெறும் வம்பு.

இரண்டாம் ஓலைக்கு மறுநாள், திங்கட்கிழமை, டாம்சின் வீட்டிலிருந்து வந்த கையோடு நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். மிஸ்டர் கார்லியன் அண்ணனைப் பார்க்க வந்தார். அண்ணன் இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முறைப்படி எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தோம். ஏப்ரலிலிருந்து நான் ஏங்கிக் கிடந்த பத்து நிமிஷம் அது. அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருந்தது. சொன்னேன்.

உங்கள் மணப்பெண்ணுக்கு ஒரு மர்ம விருந்தாளி என்றேன். பச்சை மேலங்கி என்றேன். அவர் முழு முகத்தோடு கேட்டார். அப்படிக் கேட்கிறவர் முன்னால் கதை சொல்கிறவள் எங்கே நிறுத்துவாள்? அவளிடம் ஒரு பயங்கர ரகசியம் இருக்கிறதாம், வருகிற ஞாயிறு உடைக்கப் போகிறாளாம் என்று இரண்டு கைப்பிடி கூடவே போட்டேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எங்க தங்கியிருக்காங்களாம்?"

"படகுத்துறைப் பக்கம்."

கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். "நல்லா கதை சொல்றீங்க, மிஸ் பெல்லோ" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அன்று முழுக்க அந்த ஒரு வார்த்தையைச் சப்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அவர் ட்ரூரோ கிளம்பினார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை, பெயர்கூடத் தெரியாத ஒருத்தி. அல்லது யாருமே கெடவில்லை. அவள் செருப்பை மறந்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். இந்த 'அல்லது'தான் மூன்று நாளாக என்னைச் சாப்பிடவும் விடவில்லை, பேசவும் விடவில்லை.

8

முடிவுகள்.

பதிப்பாளருக்குப் பிடித்தது: கல்யாணம் நடக்கிறது. வண்டியில் போகும்போது அவர் டாம்சின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏழு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போன முதல் மனைவியைப் பற்றிச் சொல்கிறார். வெட்கத்தில் முதல் இரண்டு சீட்டிலும் மறைத்தேன், பொய்யோடு உன்னைக் கட்ட மனசு ஒப்பவில்லை, அதனால்தான் மூன்றாவதில் திருத்தினேன் என்கிறார். இருவரும் அழுகிறார்கள். நல்ல மனிதர் ஒருவர் இப்படித்தான் நடந்துகொள்வார். இந்த முடிவில் ஒரு ஓட்டைகூட இல்லை, எத்தனை தடவை தேடினாலும்.

என் பழைய நாவல்களின் முடிவு: குன்றுக்குப் பின்னால் பாழடைந்த சுரங்கக் குழி இருக்கிறது. அதன் விளிம்பில் கட்டிய கயிறு புதிதாக அறுந்து… அதன் அடியில் ஒரு பச்சை…

முடியவில்லை. போன வருஷமாக இருந்தால் இதை ரசித்து எழுதியிருப்பேன்.

மூன்றாவது, ஊர் எழுதும் முடிவு: பாதிரியாரின் தங்கை பொறாமையில் புத்தி பேதலித்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு நல்ல மனிதர் மீது அபாண்டம் சுமத்துகிறாள். கல்யாணம் நிற்கிறது. டாம்சின் அவரையும் இழக்கிறாள், என்னையும் இழக்கிறாள். பச்சை மேலங்கிக்காரி ஒரு மாதம் கழித்துச் செருப்பை எடுத்துக்கொள்ள வருகிறாள், அவள் டாம்சினிடம் சொல்ல நினைத்தது ஏதோ கைக்குட்டை வியாபாரம். அதற்குப் பிறகு நான் இந்த ஊரில் எந்த முகத்தோடு இருப்பேன்?

இந்த மூன்றில் எது நடக்கும் என்று தெரியாமல்தான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மூன்றையும் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவள் நான் இல்லை என்பது இந்த வரியை எழுதும்போதுதான் உறைக்கிறது.

9

'நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று யார் யாரையோ பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். இந்தக் கதைக்கு வாசகி ஒருத்திதான். டாம்சின், இது உனக்கு.

வாயால் சொல்லிப் பார்த்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் வந்தேன், நாம் கேக் தின்கிற நேரம் முழுக்க அவர் உன் பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டு பிடித்துக்கொண்டிருந்தார். நேற்று வந்தேன், தொடங்குவதற்குள், "இப்ப யாரைச் சுவத்துக்குள்ள வைக்கப் போறே?" என்று சிரித்தாய். பேச்சில் நான் தோற்றுவிடுவேன். ஆனால் நான் எழுதினதை நீ இதுவரை ஒரு பக்கமும் விடாமல் வாசித்திருக்கிறாய், பிடிக்காவிட்டாலும். அதை நம்பித்தான் விடியற்காலையிலிருந்து எழுதுகிறேன்.

கீழே அவர் குரல் கேட்கிறது. நாளைய ஆராதனையைப் பற்றி அண்ணனோடு பேச வந்திருக்கிறார். நான் தாள் எடுக்கக் கீழே இறங்கியபோது கூடத்தில் எதிர்ப்பட்டார். புதுக் கதை எழுதுகிறேனாமே என்று விசாரித்தார். முடிவு இன்னும் தெரியவில்லை என்றேன்.

"தெரிஞ்சதும் எனக்குச் சொல்லுங்க. போன கதையை எனக்குத்தானே முதல்ல சொன்னீங்க."

அவர் குரலில் ஒன்றும் இல்லை. கிண்டல்கூட இல்லை. ஒரு நல்ல மனிதர் ஒரு எழுத்துக்காரியிடம் பேசும் மரியாதைதான் இருந்தது. படியேறி வந்ததும் கதவுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன். ஒன்பதாம் பகுதியின் எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

[அண்ணன் கூப்பிடுகிறார்.]

"திர்சா, மிஸ்டர் கார்லியன் கேப்டன் வீட்டுக்குக் கிளம்பறார். நீயும் டாம்சினைப் பாக்கணும்னியே, அவரே உன்னைக் கூட்டிட்டுப் போறேங்கறார்."

மணி மூன்று. ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து உன் வீட்டுக்கு ஒன்றரை மைல், பாதி தூரம் பாறை விளிம்பை ஒட்டிய பாதை. இந்தத் தூறலில் வேறு யாரும் அதில் வரமாட்டார்கள். தலைவலி என்று சொல்லி மறுக்கலாம். மறுத்தால் இன்று முழுக்க அவர் உன்னோடு இருப்பார், நாளைக் காலை வீடு கொள்ளாமல் ஆள் இருக்கும், பத்து மணிக்கு நீ பலிபீடத்தின் முன்னால் ஒன்றுமே தெரியாமல் நிற்பாய். இன்னொருத்தி தைரியம் வரவில்லை என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். நான் தள்ளிப்போட மாட்டேன். அவர் நல்லவர் என்றால் அது அரை மணி நேர நடை. நல்லவர் இல்லை என்றாலும் அரை மணி நேர நடைதான்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தாள்களை மடித்து உடுப்புக்குள் வைத்துக்கொள்கிறேன். முடிவை நான் எழுதப் போவதில்லை.

நீ டாம்சின் என்றால், நான் இப்போது உன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அவரையே கட்டிக்கொள்வேன் என்றாலும் சரி, நான் வந்து பின்வரிசையில் உட்காருகிறேன். தெரிந்துகொண்டு போ என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

நீங்கள் மிஸ்டர் கார்லியன் என்றால், இதையும் உங்களுக்கே முதலில் சொன்னதாகிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால், ஐந்தாம் பகுதியில் அவள் வருகிற இடத்தில் எழுதிவிடுங்கள்.

இந்த இரண்டு பேரும் இல்லாமல் வேறு யாரோ ஒருவர் இதை வாசித்துக்கொண்டிருந்தால், எந்த ஊரோ, எந்தக் காலமோ, எந்தப் பாஷையோ எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். இந்தத் தாள்கள் டாம்சின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பாதையில் நான் எதுவரை போனேன் என்பது இனி உங்களுக்குத்தான் தெரிய வேண்டும்.